வாயில்லாப் பல்

பல்செட்காரருக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பத்தைந்து வருடங்களில் ஏறக்குறைய ஆறாயிரம் பேருக்குப் பல் செய்து கொடுத்திருக்கிறார். அவர்களில் ஒருவரைத் தவிர யாருக்கும் அவர் முகம் தெரியாது. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து டப்பாவில் போட்டு அனுப்புவார்கள். அவர் மாடியில், ஒற்றை ஜன்னல் வைத்த அறையில் உட்கார்ந்து, மெழுகை உருக்கி, பல்லை வரிசை வைத்து, வேகவைத்து, தேய்த்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். யார் எந்தப் பக்கம் மெல்லுகிறார்கள், யார் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தெருவில் எதிரே வந்தால் யாரென்று தெரியாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பேசுவதற்கென்று இருந்தது ஒரே ஓர் அக்கா.

அக்கா அவரைவிட ஒன்பது வயது மூத்தவள். கடல் தாண்டி வேறொரு நாட்டில், கணவர் போன பிறகு, ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் செய்வாள். அரை மணி நேரம் பேசுவாள். தம்பி 'ம்' கொட்டுவார். அந்த அரை மணி நேரத்தை வைத்துக்கொண்டுதான் அவர் மீதி வாரத்தை ஓட்டினார்.

ஒருநாள் கழுவும்போது அக்காவின் பல்செட் கை நழுவி விழுந்து, மேல் செட் மூன்றாகவும் கீழ் செட் இரண்டாகவும் உடைந்துபோனது. அந்த ஊர் டாக்டர், புதிதாகக் கட்ட ஐந்து மாதம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும் தவறாமல் வந்தது. ஆனால் வந்ததில் பாதிக்கு மேல் காற்று. 'ச' காணோம், 'த' காணோம். தம்பி பழக்க தோஷத்தில் 'ஆமாக்கா', 'சரிக்கா' என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான்காவது ஞாயிறு, பக்கத்துக் கட்டிலில் இருந்த தன் சிநேகிதி இறந்துபோன சேதியை அக்கா சொல்லியிருக்கிறாள். தம்பி, "ரொம்ப நல்லதாப் போச்சுக்கா" என்றிருக்கிறார். இது அவருக்கே பின்னால்தான் தெரிந்தது, இல்லத்து நர்ஸ் சொல்லி. அதற்கப்புறம் அக்கா போன் செய்யவில்லை. இவர் செய்தால் எடுக்கவுமில்லை. கரைத்துக் கொடுத்ததைக் குடிக்கிறார்கள், ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள், யாரிடமும் வாயைத் திறப்பதில்லை என்றாள் நர்ஸ்.

உடைந்த செட்டும் அவர் செய்ததுதான். அக்காவின் வாய் அச்சு அலமாரியில் பத்திரமாக இருந்தது. டாக்டர்கள் அனுப்பிய வேலைகளை ஓரங்கட்டிவிட்டு ஒன்பது நாளில் புது செட்டை முடித்தார். மேலே இடப்பக்கம் முன்பல் ஒன்றைக் கொஞ்சம் கோணலாக வைத்தார். அக்காவின் சொந்தப் பல் அப்படித்தான் இருந்தது. நேராக வைத்தால் அழகாக இருக்கும், ஆனால் அக்கா மாதிரி இருக்காது.

தபாலில் அனுப்ப மனமில்லை. விமான டிக்கெட் எடுத்தார். வாழ்க்கையில் இரண்டாவது விமானப் பயணம். பயணிகளுக்கான பாதுகாப்பு விதிகள் பதினோரு பக்கம் இருந்தன. அவற்றை அச்சடித்து, இரண்டு முறை படித்து, முக்கியமான இடங்களில் அடிக்கோடு போட்டார். அரம், கத்தி, மற்ற சாமான்களையெல்லாம் விமானத்தின் அடியில் போகும் பெரிய பெட்டியில் வைத்தார். பல்செட்டை மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டார். பெட்டி தொலைந்தால் வாங்கிக்கொள்ளலாம். காய்ந்துபோனால் வடிவம் கெடுமென்று, செட்டை ஒரு சின்ன டப்பாவில் கொஞ்சம் தண்ணீரோடு மூடி வைத்தார்.

காலை பத்தரை மணி விமானத்துக்கு ஏழு மணிக்கே போய்விட்டார். பாதுகாப்புச் சோதனைக் கூடத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் செருப்பில்லாமல், பெல்ட்டில்லாமல், இடுப்பை ஒரு கையால் பிடித்தபடி நின்றார்கள். ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டிருப்பவனால் பெரிய குற்றம் எதுவும் செய்ய முடியாது என்பது நிர்வாகத்தின் கணக்காக இருக்கலாம். பல்செட்காரரும் பெல்ட்டைக் கழற்றித் தட்டில் வைத்தார். கைப்பை ரப்பர் பட்டையில் ஊர்ந்து, இயந்திரத்தின் கருப்புத் திரைக்குள் போனது. திரும்பி வரவில்லை.

இயந்திரத்தின் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் பட்டையை நிறுத்தினாள். கண்ணை இடுக்கிப் பார்த்தாள். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"பைக்குள்ள யாரு இருக்காங்க?"

யாரும் இல்லை, பல்செட் இருக்கிறது என்று அவர் சொன்னார். அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். மேல்வரிசையும் கீழ்வரிசையுமாக ஒரு வாய், முகமில்லாமல், அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. கோணல் பல் தெளிவாகத் தெரிந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்து நாலு வருடம் ஆகியிருந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைத் திரைப்பெண் கவனித்து, 'பயணி பதற்றமாகக் காணப்பட்டார்' என்று ஒரு சீட்டில் எழுதினாள்.

கையுறை போட்ட ஓர் ஆள் வந்து அவரைத் தனியே அழைத்துப் போனார். முதலில் தண்ணீர். திரவம் எவ்வளவு என்று தெரியாமல் மேற்கொண்டு போக முடியாது என்றார் கையுறைக்காரர். டப்பாவிலிருந்ததை அளவுக் குவளையில் ஊற்றினார். முப்பது மில்லி. நூறு வரை அனுமதி உண்டு. ஆனால் அது பயன்படுத்திய தண்ணீரா, பயன்படுத்தாத தண்ணீரா என்று படிவத்தில் கேட்டிருந்தது. பல் ஊறிய தண்ணீர் எதில் சேரும் என்று அவர் யோசித்தார். யாரும் இதுவரை அந்தப் பல்லைப் போட்டுக்கொள்ளவில்லை என்று பல்செட்காரர் விளக்கினார். கையுறைக்காரர் 'விசாரணையில்' என்று எழுதிவிட்டுப் பல்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒரு பல் கோணலாக இருக்கிறது, 'பொருள் சேதமுற்ற நிலையில்' என்று குறித்துக்கொள்ளட்டுமா என்று மரியாதையாகவே கேட்டார். அது சேதமில்லை, அக்கா என்றார் பல்செட்காரர். கையுறைக்காரர் 'சேதம்' என்று எழுதிக்கொண்டார்.

அடுத்தது மேற்பார்வையாளர். அவர் ஒரு கணினியின் முன்னால் இருந்தார். பிடிபட்ட பொருள் இன்னதென்று குறிக்காமல் கணினி நகராது. அதிலிருந்த பட்டியலில் பல் இல்லை. மேலும் கீழும் தேடி, கிட்டத்தட்டப் பொருந்துகிற மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று, 'கூர்மையான பொருள்'. இரண்டு, 'உயிருள்ள விலங்கு, கடிக்கக்கூடியது'. மூன்று, 'உடல் உறுப்பு, பயணியுடையது அல்லாதது'. மனசாட்சிப்படி மூன்றாவதுதான் சரி என்று பட்டது அவருக்கு. அதை அழுத்தியதும், உறுப்பின் உரிமையாளரிடம் சம்மதம் பெறப்பட்டதா என்று கணினி கேட்டது.

உரிமையாளரை அழைத்தார்கள். தெரியாத எண் என்பதால் நர்ஸ் எடுத்து, விஷயம் கேட்டு, அக்காவின் காதில் வைத்தாள். போன் ஒலிபெருக்கியில் இருந்தது. பேச்சு முழுவதும் பதிவாகும் என்று மேற்பார்வையாளர் அறிவித்துவிட்டு, இந்தப் பல் உங்களுடையதா, ஆமாம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லுங்கள் என்றார்.

பிறகு அக்காவின் குரல் வந்தது. ஐந்து வாரம் கழித்து வந்தது. நீளமாக வந்தது. ஏறி, இறங்கி, எங்கோ கேள்வியாக முடிந்தது. மேற்பார்வையாளர் கேள்வியை மறுபடி படித்தார். குரல் இன்னும் நீளமாகவும் கொஞ்சம் கோபமாகவும் வந்தது.

பல்செட்காரர் பொறுக்க மாட்டாமல், "அக்கா, நான்தாங்க்கா" என்றார். சாட்சியிடம் பேசக் கூடாது என்று அவரைத் தடுத்தார்கள். ஆனால் குரல் அங்கே போய்விட்டது. மறுமுனையில் பேச்சு நின்றது. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, அவர்கள் பேச மாட்டேன் என்கிறார்கள் என்று சொல்லி நர்ஸ் போனை வைத்தாள்.

மேற்பார்வையாளர் தட்டச்சு செய்தார். உரிமையாளர் உறுதி செய்யவில்லை. குரலை உயர்த்தினார். பயணியின் குரலைக் கேட்டதும் மௌனமானார்.

"சார், பல்லு இல்லாததாலதான் அவங்களால பேச முடியல."

"அத அவங்களே சொல்லட்டும்."

அக்கா சொன்னது என்னவென்று உங்களுக்குப் புரிந்ததா என்று கையுறைக்காரர் அவரிடம் கேட்டார். புரிந்தது என்று சொல்லியிருக்கலாம். பல்செட்காரர் ஏனோ உண்மையைச் சொன்னார். இல்லை, தனக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. அப்போது பத்து இருபது. அவருடைய விமானத்துக்குக் கடைசி அழைப்பு வந்து, அவருடைய பெயரையும் சொல்லி, ஓய்ந்தது. கூடத்தில் இருந்த யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இறுதி முடிவு தலைமைப் பாதுகாப்பு அதிகாரியின் கையில் இருந்தது. அவர் அறை நீளமான நடையின் கடைசியில் இருந்தது. மேஜை மேல் விதிப் புத்தகம், சாப்பாட்டு டப்பா, வாக்கி டாக்கி. மூலையில் பயணிகளிடமிருந்து பறித்த சாமான்கள் போட்ட கண்ணாடிப் பெட்டி: கத்தரிக்கோல்கள், நகம் தேய்க்கும் அரங்கள், ஒரு பொம்மைத் துப்பாக்கி, பாதி தீர்ந்த ஷாம்பு. அதிகாரி டப்பாவிலிருந்த பல்லைத் தொடாமல், குனிந்து பார்த்தார். பிறகு, நின்றுகொண்டிருந்த மூவருக்கும் சேர்த்துப் பேசினார்.

"பாருங்க சார். பதினாலு வருஷமா இங்க ஒரு அசம்பாவிதம் நடக்கல. அதுக்குக் காரணம் நாங்க. நாளைக்கே ஏதாவது நடந்துச்சுன்னா, அதுக்குக் காரணம் நாங்க இல்ல. எல்லாச் சிக்கலும் பயணிங்களாலதான் வருது. அவங்க மட்டும் வரலேன்னா, உலகத்துலயே பாதுகாப்பான இடம் இதுதான். இந்தப் பல்லு மேல எனக்குச் சந்தேகம் இல்ல. பல்லுக்குப் பின்னால ஆள் இல்ல பாருங்க, அதான் சந்தேகம். வாயில போட்டுக்கிட்டா அது நீங்க. கையில வச்சிருந்தா அது பொருள்."

பல்செட்காரர் அர்த்தத்தைக் கேட்கவில்லை. அவர் கேட்டது வேறு. அதிகாரி 'ச' சொல்லும்போதெல்லாம் வாய்க்குள் டக் என்று ஒரு சின்னச் சத்தம். சார், டக். அசம்பாவிதம், டக். முப்பத்தைந்து வருடத் தொழில் அவரைக் கேட்காமலே வாயைத் திறந்தது.

"சார், கீழ் செட்டு இடது பக்கம் தூக்குதா?"

அதிகாரி மற்ற இருவரையும் வெளியே போகச் சொன்னார். கதவைத் தாழ்ப்பாள் போட்டார். உட்கார்ந்தார். மூன்று வருடமாக என்றார். டாக்டரிடம் நான்கு தடவை போயாயிற்று, பழகிவிடும் என்கிறார், பழகவில்லை. வலது பக்கம் மென்றால் இடது பக்கம் எழும்புகிறது, ஈறு புண்ணாகிவிடுகிறது. அதனால்தான் மதியச் சாப்பாட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிடுவது. வீட்டிலும் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான். பேத்தி போன மாதம், தாத்தா ஏன் போட்டோவில் சிரிப்பதே இல்லை என்று கேட்டாள். அதிகாரி என்றால் சிரிக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறார். இதையெல்லாம் சொல்லும்போது அவர் விதிப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பின்பக்கம் ஒரு பல் உயரமாக இருக்கிறது, பத்து நிமிட வேலை, ஆனால் தன் அரம் பெரிய பெட்டியில் போய்விட்டது என்றார் பல்செட்காரர். அதிகாரி எழுந்து, கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, பறிமுதலான நகம் தேய்க்கும் அரங்கள் ஒன்பதையும் மேஜையில் பரப்பினார். கடி எங்கே அழுத்துகிறது என்று பார்க்க மை ஒற்றும் தாள் வேண்டும். பறிமுதல் ரசீதுப் புத்தகத்தில் கார்பன் தாள் இருந்தது. அதில் ஒரு துண்டைக் கிழித்து அதிகாரியின் வாயில் வைத்து, கடிக்கச் சொன்னார். கடித்தார். வலது பின்பல்லில் நீலப் பொட்டு பளிச்சென்று விழுந்தது. பல்செட்காரர் கீழ் செட்டை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். மேல் செட்டும் ஓரத்தில் உறுத்துவதாக அதிகாரி சைகையில் காட்டி, அதையும் கழற்றிக் கொடுத்தார்.

அந்தச் சமயம் பார்த்து வாக்கி டாக்கி கத்தியது. திரைப்பெண் பேசினாள். ஒரு பயணியின் பையில் ஊறுகாய் மாதிரி ஏதோ இருக்கிறது, விடுவதா வேண்டாமா என்று கேட்டாள். அதிகாரி 'சரி, விட்டுடு' என்றார். அது அங்கே 'ஹஹி, விவ்வுவு' என்று போய்ச் சேர்ந்தது. அவள் மறுபடி கேட்டாள். அவர் மறுபடி சொன்னார். உத்தரவு தெளிவாக இல்லையென்றால் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும் என்பது விதி. எட்டு வரிசைகளும் நின்றன. நானூறு பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதிகாரி கருவியை மேஜையில் வைத்துவிட்டு, கன்னம் உள்ளே போன முகத்தோடு, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல்லில்லாமல் அவரைப் பார்த்தபோது பல்செட்காரருக்கு அக்காவின் நினைப்பு வந்தது. இன்னும் கொஞ்சம் கவனமாகத் தேய்த்தார்.

இரண்டு செட்டையும் கழுவிக் கொடுத்தார். அதிகாரி போட்டுக்கொண்டார். இடம் வலமாகக் கடித்துப் பார்த்தார். நாக்கால் தடவிப் பார்த்தார்.

"சந்தேகம்," என்றார். "சாட்சி. சோதனை. சான்றிதழ்." ஒரு டக்கும் இல்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ஒரு வாய் எடுத்து வலது பக்கமாக மென்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எழுந்து வந்து பல்செட்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். வெகு நாளாக யாரும் அப்படிப் பிடித்ததில்லை என்பதால் பல்செட்காரருக்குக் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை.

பிறகு அதிகாரி கதவைத் திறந்து மற்றவர்களை உள்ளே கூப்பிட்டார். வாக்கி டாக்கியில் எட்டு வரிசைகளையும் நகரச் சொன்னார். விதிப் புத்தகத்தை எடுத்து, நாற்பத்தோராம் விதியைப் பிரித்து, நின்றபடி, உரக்கப் படித்தார்.

"சொந்தக்காரர் உடன் வராத சூழலில், மூன்றாம் நபர் சுமந்து செல்லும் செயற்கை உறுப்புகள், சம்மதச் சான்று சமர்ப்பிக்கப்படாதபட்சத்தில், சந்தேகத்திற்குரிய சாதனங்களாகக் கருதப்பட்டு, சோதனைச் சாவடியிலேயே பறிமுதல் செய்யப்படும்."

மிக அழகாகப் படித்தார். அவருக்கே பிடித்துப்போய், கடைசி வரியை இன்னொரு முறை படித்தார். கையுறைக்காரரும் மேற்பார்வையாளரும் தங்கள் அதிகாரியின் குரல் இவ்வளவு கணீரென்று இருக்குமென்று அதுவரை அறிந்ததில்லை.

பல்செட்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க பண்ணது தனிப்பட்ட உதவி சார்," என்றார் அதிகாரி. "சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா இந்த நாற்காலியில நான் தனிப்பட்ட ஆள் இல்ல. இருந்திருந்தா விட்டிருப்பேன்."

அந்த நாற்காலியில் இல்லாமல், வெளியே நடைக்கு வந்து விட்டுவிடலாமே என்று பல்செட்காரர் கேட்டார். நடையில் அவருக்கு அதிகாரம் இல்லையாம்.

ரசீது எழுதினார்கள். கார்பன் தாள் ஒரு மூலை கிழிந்திருந்ததால் நகலில் பாதி விழவில்லை. 'பொருளுக்கும் பயணிக்கும் உள்ள உறவு' என்ற இடத்தில் அவர் 'தம்பி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கையுறைக்காரர் பல்செட்டை அரங்களோடும் கத்தரிக்கோல்களோடும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். தூக்கிப் போடவில்லை, பார்த்து மெதுவாகத்தான் வைத்தார். முப்பது மில்லி தண்ணீரை விதிப்படி டப்பாவோடு திருப்பிக் கொடுத்தார்கள்.

அவருக்கு மாலை விமானத்தில் இடம் போட்டார்கள். அதுவரை ஐந்து மணி நேரம், ஒன்றோடொன்று திருகி இறுக்கிய இரும்பு நாற்காலிகளின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்கள் எல்லோரும் யாருடனோ போனில் பேசினார்கள். அவர் டப்பாவை மடியில் வைத்திருந்தார். ஒரு தடவை திறந்து, தண்ணீரை அருகிலிருந்த தொட்டிச் செடிக்கு ஊற்றப் போனார். அது பிளாஸ்டிக் செடி. திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார். பல் இல்லாமல் போய் என்ன செய்வது என்று இரண்டு தடவை எழுந்து வெளியேறும் வாசல் வரைக்கும் போனார். வீட்டில் யாரும் இல்லை என்பது நினைவுக்கு வந்து இரண்டு தடவையும் திரும்பினார்.

அடுத்த நாள் காலை அந்த ஊரில் இறங்கியபோது, அவருடைய பெரிய பெட்டி அவருக்கு முன்னாலேயே வந்து ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தது. பத்தரை மணி விமானத்தில், சொந்தக்காரர் உடன் வராத சூழலில், அது தன்பாட்டுக்கு வந்திருந்தது. உள்ளே மூன்று கத்தி, ஆறு அரம், ஒரு சின்னச் சுடுவிளக்கு, பெயரெழுதாத வெள்ளைப் பொடி இரண்டு கிலோ. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இல்லத்தில் அக்கா ஜன்னலோரம் இருந்தாள். அவரைக் கண்டதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலில் மெத்தை சுருட்டி வைத்திருந்தது. அவர் அந்தக் கட்டிலையும் அக்காவையும் பார்த்தார்.

"எனக்குப் புரியலக்கா. புரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். தப்பு."

அக்கா தலையாட்டினாள். கை வாயிலிருந்து இறங்கவில்லை. பல்லை எடுத்துக்கொண்டு வந்தேன், வழியில் பிடுங்கிக்கொண்டார்கள் என்றார். அக்கா கைக்குப் பின்னாலிருந்து ஏதோ கேட்டாள். போனில் வந்த அதே காற்றுதான். ஆனால் இப்போது புருவமும் கண்ணும் கூட இருந்ததால் பாதி புரிந்தது. யார் என்று கேட்கிறாள். பிறகு சொல்கிறேன், பழைய அச்சு ஊரில் இருக்கிறது, முதலில் வாயைத் திற, புதிதாக எடுக்க வேண்டும் என்றார்.

பெட்டியைத் திறந்து வெள்ளைப் பொடியைத் தண்ணீரில் குழைத்தார். ஆறாயிரம் பேருக்குப் பல் செய்தவர் ஓர் உயிருள்ள வாயில் அச்செடுப்பது முன்பும் அக்காவுக்கு, இப்போதும் அக்காவுக்குத்தான். அச்சுத் தட்டை மேலே அழுத்தி, தாடையைக் கையில் தாங்கிக்கொண்டார். மூன்று நிமிடம் அசையக் கூடாது, பேசக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள்தான் பேசுவாள். இப்போது வேறு வழியில்லாமல் அவர் பேச ஆரம்பித்தார். திரையில் வாய் மட்டும் தெரிந்ததைச் சொன்னார். தண்ணீரை அளந்ததைச் சொன்னார். அதிகாரியின் வாயில் கார்பன் தாள் வைத்ததைச் சொல்லும்போது அக்காவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. ஆட்டாதே என்று கெஞ்சினார். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மூக்கு வழியாகச் சிரித்து, கண்ணில் நீர் வழிந்து, அச்சு அண்ணத்திலிருந்து நழுவிப் பாழாய்ப் போனது.

இரண்டாவது தடவை, ஒரு வார்த்தை பேசப் போவதில்லை என்று சொல்லிவிட்டுத் தட்டை வைத்தார். அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, மேலே சொல் என்று கண்ணால் அதட்டினாள். சொன்னார். அதுவும் பாழாயிற்று.

நர்ஸ் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். எத்தனை நாள் இருப்பீர்கள், வருகைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றாள். அவருடைய திரும்பும் டிக்கெட் நாளைக்கு. அவர் கையிலிருந்த கெட்டுப்போன அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தெரியலம்மா. இன்னும் அச்சே சரியா விழல."

பொடியில் பாதிக்கு மேல் மீதி இருந்தது. அவர் கிண்ணத்தைக் கழுவ எழுந்தார்.